முடக்குவாதமும் ஹார்மோன்களும்: ரத்த ரிப்போர்ட்டில் அகப்படாத கணக்கு

முடக்குவாதம் என்று தெரிந்ததும் பல பெண்கள் மருத்துவரிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "ஹார்மோன் டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா?" என்பது. கேள்வியில் நியாயம் இருக்கிறது. சரவாங்கி என்று வீடுகளில் சொல்லப்படும் இந்த நோய், ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. சிலருக்குப் பிரசவமான சில மாதங்களில் தொடங்குகிறது. இன்னும் பலருக்கு மாதவிடாய் நிற்கும் வயதை ஒட்டி வருகிறது. கர்ப்பமாக இருந்தபோது குறைந்திருந்த வலி, குழந்தை பிறந்தபின் திரும்பிவிட்டது என்று நோயாளிகளே கவனித்துச் சொல்கிறார்கள். இவ்வளவு தடயங்களை வைத்துக்கொண்டு ஹார்மோன்மீது சந்தேகம் வராமல் இருக்காது.

ஆனால் டெஸ்ட் எடுத்துப் பார்த்தால் பெரும்பாலானவர்களுக்கு எல்லாமே ரிப்போர்ட்டில் அச்சிட்டிருக்கும் எல்லைக்குள்தான் இருக்கும். "ஹார்மோன் எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அதனால் இந்த நோய்க்கும் ஹார்மோனுக்கும் சம்பந்தமே இல்லை என்று ஆகிவிடாது. சம்பந்தம் ஆழமானது. ஒருநாள் காலையில் எடுத்த ஒரு குழாய் ரத்தத்தில் அது அகப்படுவதில்லை, அவ்வளவுதான். ஏன் அகப்படுவதில்லை என்று புரிந்துகொண்டால், எந்த டெஸ்டுக்குப் பணம் செலவழிக்கலாம், மாத்திரையை ஏன் திடீரென்று நிறுத்தக்கூடாது, பிரசவத்துக்கு முன்பே எதைப் பேசி வைக்க வேண்டும் என்பதெல்லாம் தெளிவாகும்.

நோயைப் பற்றிச் சுருக்கமாக. முடக்குவாதம் என்பது மூட்டு தேய்வது கிடையாது. நம்மைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு மண்டலம் மூட்டின் உள்சவ்வையே தாக்குகிறது. சவ்வு வீங்கித் தடிக்கிறது, நாளடைவில் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. 1993இல் டெல்லிக்கு அருகில் கிராம மக்களிடையே நடந்த ஆய்வு, இந்தியப் பெரியவர்களில் சுமார் 0.75 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. இரண்டு கை விரல் மூட்டுகளும் மணிக்கட்டும் ஒரே சமயத்தில் வீங்குவது இதன் அடையாளம். இன்னொரு அடையாளம் காலை இறுக்கம். எழுந்ததும் பேஸ்ட் டியூபை அமுக்க முடியாது, சேலைக்குக் கொசுவம் வைக்க விரல் மடங்காது, டம்ளரைப் பிடித்தால் நழுவும். ஒன்பது, பத்து மணிக்கு மேல்தான் கை கொஞ்சம் இளகும். இந்தக் காலை இறுக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஹார்மோன் கதையில் அதற்கு முக்கியமான இடம் உண்டு.

கதை தொடங்குவது அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், ராச்செஸ்டர் என்ற ஊரில் இருக்கும் மேயோ கிளினிக்கில். 1929 ஏப்ரலில் 65 வயதான ஒரு நோயாளி, அவரே ஒரு மருத்துவர், ஃபிலிப் ஹென்ச் என்ற மூட்டுநோய் நிபுணரிடம் ஒரு விநோதமான விஷயத்தைச் சொன்னார். தனக்கு மஞ்சள் காமாலை வந்தது, அதோடு பல வருட மூட்டுவலி குறைந்துவிட்டது என்றார். காமாலை நான்கு வாரத்தில் போய்விட்டது. வலி குறைந்த நிலை பல மாதம் நீடித்தது. வேறு யாராக இருந்தாலும் தற்செயல் என்று விட்டிருப்பார்கள். ஹென்ச் விடவில்லை. அதேமாதிரி நோயாளிகளைத் தேட ஆரம்பித்தார், கிடைத்தார்கள். அப்புறம் கர்ப்பிணிகளைக் கவனித்தார். அவர்களில் பலருக்கும் அதே நிம்மதி வந்தது. 1938இல் இதை ஒரு கட்டுரையாகவே எழுதினார்.

அவருடைய யோசனை எளிமையானது, அழகானது. காமாலை ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும். அப்படியென்றால் வலியைக் குறைப்பது காமாலையில் ஏறும் பித்தநீர்ப் பொருளாக இருந்தால் கர்ப்பத்துக்கு அது பொருந்தாது. பெண்ணுக்கே உரிய ஹார்மோனாக இருந்தால் காமாலை வந்த ஆணுக்குப் பொருந்தாது. இரண்டு நிலையிலும் பொதுவாக ஏறுகிற ஏதோ ஒன்று உடம்புக்குள்ளேயே இருக்க வேண்டும். அதற்கு எக்ஸ் பொருள் என்று பெயர் வைத்தார். பித்த உப்புகளைக் கொடுத்துப் பார்த்தார், காமாலை வந்தவர்களின் ரத்தத்தை ஏற்றிப் பார்த்தார். எதுவும் பலிக்கவில்லை.

அதே கிளினிக்கில் எட்வர்ட் கெண்டல் என்ற வேதியியலாளர், மாடுகளின் அட்ரினல் சுரப்பியிலிருந்து பல ஹார்மோன்களைப் பிரித்தெடுத்து ஏ, பி என்று எழுத்து வரிசையில் பெயர் கொடுத்துக்கொண்டிருந்தார். ஈ என்ற கூட்டுப்பொருளை மூட்டுவாதத்துக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று இருவரும் 1941லேயே பேசி வைத்தார்கள். ஆனால் ஒரு நோயாளிக்குக் கொடுக்கும் அளவுக்குக்கூட அந்தப் பொருள் கைவசம் இல்லை. மெர்க் நிறுவனத்தில் லூயிஸ் சாரெட் அதைப் பித்த அமிலத்திலிருந்து தயாரிக்கும் வழியைக் கண்டுபிடித்து, உற்பத்தி ஓரளவு பெருகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1948 செப்டம்பர் 21ஆம் தேதி 29 வயதுப் பெண் ஒருவருக்கு முதல் ஊசி போடப்பட்டது. பல வருடமாக நோயில் கிடந்தவர், படுக்கையில் புரண்டு படுக்கவே சிரமப்பட்டவர். ஓரிரு நாளில் இறுக்கம் விட ஆரம்பித்தது. நான்காம் நாள் லேசாக நொண்டியபடி நடந்தார். ஒரு வாரத்தில் கடைத்தெருவுக்குப் போய் மூன்று மணி நேரம் சுற்றிவிட்டு வந்தார். 1949 ஏப்ரலில் இந்த முடிவுகள் அறிவிக்கப்பட்டன. 1950இல் ஹென்ச், கெண்டல், சுவிட்சர்லாந்தில் இதே துறையில் உழைத்த ததேயுஸ் ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஈ பொருள்தான் கார்ட்டிசோன்.

இந்தக் கதையைக் கேட்பவர்கள் பொதுவாக ஒரு முடிவுக்கு வருவார்கள்: அப்படியானால் முடக்குவாதக்காரர்களின் ரத்தத்தில் இந்த ஹார்மோன் குறைவாக இருந்திருக்கிறது, ஊசியில் ஈடுகட்டினார்கள். அது சரியில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு நாளைக்குக் கொடுத்தது 100 மில்லிகிராம் கார்ட்டிசோன். கார்ட்டிசோன் நேரடியாக வேலை செய்யாது. ஈரலில் கார்டிசாலாக மாறித்தான் வேலை செய்யும். அந்தக் கணக்கையும் கழித்துப் பார்த்தால்கூட, நம் அட்ரினல் சுரப்பிகள் சாதாரணமாக ஒரு நாளில் சுரக்கும் 10 முதல் 20 மில்லிகிராம் கார்டிசாலைப்போல் பல மடங்கு. குறையை நிரப்பிய அளவு அது இல்லை, நோயெதிர்ப்பு மண்டலத்தை அடக்கிப்போட்ட அளவு. விலையும் சீக்கிரமே தெரிந்தது. முகம் உப்பியது, மனநிலை குழம்பியது, மருந்தை நிறுத்தினால் நோய் பழைய வேகத்தில் திரும்பியது. ஹென்ச் தேடிய எக்ஸ் பொருளுக்கு முழு விடையும் கார்ட்டிசோன் ஆகிவிடவில்லை. கர்ப்பத்தில் ஏன் வலி குறைகிறது என்பதற்கு இன்றும் ஒரே காரணத்தைச் சுட்டிச் சொல்ல முடியாது.

சரி, முடக்குவாதம் உள்ளவர்களின் ரத்தத்தில் கார்டிசால் எவ்வளவு இருக்கிறது? மற்றவர்களுக்கு இருப்பதுபோலவே. மருத்துவ ஆய்வாளர்களை நீண்டகாலம் குழப்பிய விஷயம் இதுதான். ஏனென்றால் அது மற்றவர்களைப்போல் இருக்கவே கூடாது. நிமோனியா வந்தாலோ பெரிய ஆபரேஷன் நடந்தாலோ உடம்பில் அழற்சிச் சமிக்ஞைகள், அதாவது வீக்கத்தைத் தூண்டும் வேதிச் செய்திகள் ஏறும், அவை மூளையைத் தட்டும், மூளை தன் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி வழியாக அட்ரினலை முடுக்கும், கார்டிசால் எகிறும். அழற்சியைக் கட்டுக்குள் வைக்க உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு இது. முடக்குவாதத்தில் இன்டர்லூகின்-6, டிஎன்எஃப் போன்ற சமிக்ஞைகள் மாதக்கணக்கில் ஏறியே கிடக்கின்றன. அதற்கேற்ப ஏற வேண்டிய கார்டிசால் மட்டும் சாதாரண அளவிலேயே நிற்கிறது.

லண்டனில் சிகான்ஸாவும் உடனிருந்தவர்களும் 1992இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மூட்டு ஆபரேஷனுக்கு வந்த முடக்குவாத நோயாளிகளையும், மூட்டுத்தேய்மானத்துக்காகவோ எலும்புச் சீழ்நோய்க்காகவோ ஆபரேஷன் செய்துகொண்டவர்களையும் ஒப்பிட்டார்கள். ஆபரேஷன் என்ற அதே அதிர்ச்சிக்கு மற்றவர்களின் கார்டிசால் ஏறியது. முடக்குவாதக்காரர்களுக்கு அழற்சிச் சமிக்ஞைகள் தாராளமாக இருந்தும் எதிர்பார்த்த அளவு ஏறவில்லை. இதற்குச் சில வருடம் முன்பு, 1989இல், எஸ்தர் ஸ்டெர்ன்பெர்க் குழு எலிகளில் இதேபோன்ற ஒன்றைப் பார்த்திருந்தது. லூயிஸ் என்ற எலி வகைக்கு இந்த மூளை–அட்ரினல் முடுக்கம் பிறவியிலேயே மந்தம். பாக்டீரியாவின் செல்சுவர்த் துணுக்குகளை ஊசியில் போட்டால் அவற்றுக்குக் கடும் மூட்டழற்சி வந்தது. முடுக்கம் வேகமாக உள்ள ஃபிஷர் வகை எலிகள் தப்பித்தன.

ஆக, ரிப்போர்ட்டில் வரும் நார்மல் என்ற சொல், ஆரோக்கியமான ஒருவரோடு ஒப்பிட்டுச் சொல்லப்படுவது. எரிந்துகொண்டிருக்கும் உடம்புக்கு அதே எண் போதாததாக இருக்கலாம். இந்த வித்தியாசத்தை லேப் ரிப்போர்ட் காட்டாது. அந்தத் தாளில் அதற்குக் கட்டமே கிடையாது.

அடுத்தது நேரம். கார்டிசால் நாள் முழுக்க ஒரே அளவில் இருக்காது. நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்கு இறங்கி, விடியற்காலையில் ஏறி, விழிக்கும் நேரத்தை ஒட்டி உச்சம் தொடும். காலை எட்டு மணிக்கு ஒரு டெசிலிட்டருக்கு 5 முதல் 25 மைக்ரோகிராம் என்று பல லேப்கள் எல்லை வைத்திருக்கின்றன; அதே ஆளின் நள்ளிரவு அளவு இதில் சிறு பங்குதான். முடக்குவாதத்தில் இன்டர்லூகின்-6 பின்னிரவில் ஏறி அதிகாலையில் உச்சத்துக்குப் போகிறது. கார்டிசால் அதைத் துரத்திப் பிடிப்பதற்குள் மூட்டுச் சவ்வு வீங்கி, விரல்கள் இறுகிவிடுகின்றன. பேஸ்ட் டியூபை அமுக்க முடியாத அந்தக் காலைப்பொழுது இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

இதை நம்பி ஒரு மாத்திரையே செய்தார்கள். படுக்கப்போகும்போது, இரவு பத்து மணிக்கு விழுங்கினால், நான்கு மணி நேரம் கழித்து வயிற்றுக்குள் திறந்து, விடியற்காலை இரண்டு மணிக்கு பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டை, அதாவது கார்ட்டிசோன் வகை மருந்தை வெளிவிடும் மாத்திரை. ஜெர்மனியிலும் போலந்திலும் 288 நோயாளிகளிடம் சோதித்த முடிவு 2008இல் வந்தது. மூன்று மாத முடிவில், புதிய மாத்திரை எடுத்தவர்களுக்குக் காலை இறுக்கம் சராசரியாக 44 நிமிடம் குறைந்திருந்தது. அதே மருந்தைக் காலையில் வழக்கமான மாத்திரையாக எடுத்தவர்களுக்கு அந்த அளவு குறையவில்லை. மருந்து ஒன்றுதான், அளவும் ஏறக்குறைய ஒன்றுதான், மாறியது மணி மட்டும். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த ஆய்வுகளில் இது ஒன்று. இதைப் படித்துவிட்டு வீட்டில் இருக்கும், அதே வகை ஸ்டீராய்டான சாதாரண பிரெட்னிசலோன் மாத்திரையை யாரும் தாங்களாகவே இரவுக்கு மாற்றிவிடக் கூடாது. அது உடனே கரைந்துவிடும் வேறு வகை மாத்திரை. தூக்கம் கெடும், அட்ரினல் சுரப்பியும் இன்னும் சோம்பிப் போகும்.

இனி பெண் ஹார்மோன்கள். கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், கார்டிசால் மூன்றுமே ஏறுகின்றன. நோய் தணிகிறது. ஆனால் எவ்வளவு பேருக்கு? ஹென்ச் காலத்திலிருந்து நூற்றுக்கு எழுபது, எழுபத்தைந்து பேருக்குத் தணியும் என்று சொல்லிவந்தார்கள். நெதர்லாந்தில் கர்ப்பிணிகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று பின்தொடர்ந்து அளந்து, 2008இல் வெளியான ஆய்வு இதைக் கொஞ்சம் இறக்கியது. நோய் ஓரளவு தீவிரமாக இருந்தவர்களில் 48 சதவீதம் பேருக்குத்தான் கர்ப்பத்தில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இருந்தது. பிரசவத்துக்குப் பின் 39 சதவீதம் பேருக்கு நோய் மறுபடி கிளம்பியது. முடக்குவாதத்தில் ரத்தத்தில் தேடப்படும் எதிர்ப்புப் புரதங்களான ஆர்ஏ ஃபேக்டரும் ஆன்டி சிசிபியும் நெகட்டிவாக இருந்தவர்களுக்கு முன்னேறும் வாய்ப்பு கூடுதல்.

ஹார்மோன் மட்டுமே காரணம் என்றால் ஏறக்குறைய எல்லோருக்கும் தணிந்திருக்க வேண்டும். எல்லா கர்ப்பிணிகளுக்கும்தானே ஈஸ்ட்ரோஜன் ஏறுகிறது! வேறு விஷயங்களும் கூடவே நடக்கின்றன. அமெரிக்காவில் லீ நெல்சன் குழு 1993இல் காட்டியது ஒன்று: தாய்க்கும் வயிற்றிலிருக்கும் குழந்தைக்கும் நோயெதிர்ப்பு அடையாளங்களில் வித்தியாசம் அதிகமாக இருந்த கர்ப்பங்களில் நோய் தணிவதும் அதிகம். தந்தையிடமிருந்து வந்த அடையாளங்களைச் சகித்துக்கொள்ளத் தாயின் உடம்பு கற்றுக்கொள்ளும்போது, மூட்டின்மீதான கோபமும் சேர்ந்து தணிகிறது என்பது ஒரு விளக்கம். இன்னொன்று, ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் புரதங்களின்மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரைத் துணுக்குகள் கர்ப்பத்தில் மாறுகின்றன. புரதத்தின் அளவு அதேதான். அதன் முரட்டுத்தனம் குறைகிறது. இந்த மாற்றத்தைத் தூண்டுவதில் ஈஸ்ட்ரோஜனுக்குப் பங்கு இருப்பதாகத் தெரிகிறது. அளவை மட்டும் எண்ணும் டெஸ்டுக்கு இதுவும் கண்ணில் படாது.

ஈஸ்ட்ரோஜனை நல்லது, கெட்டது என்று ஒரு பக்கம் தள்ளிவிட முடியாது. கர்ப்பத்தில் இருப்பதுபோன்ற உயர்ந்த அளவில் அது டிஎன்எஃப், இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிச் சமிக்ஞைகளை அடக்குகிறது. குறைந்த அளவில் சிலவற்றைத் தூண்டவும் செய்கிறது. எதிர்ப்புப் புரதம் உண்டாக்கும் பி செல்களை அது ஊக்குவிக்கிறது. எனவே ஈஸ்ட்ரோஜன் எவ்வளவு என்பதோடு, எந்த செல்லில், நோயின் எந்தக் கட்டத்தில் என்பதும் சேர்ந்துதான் விளைவைத் தீர்மானிக்கிறது.

கருத்தடை மாத்திரை ஆய்வுகள் பல பத்தாண்டுகளாக முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருப்பதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். 1978இல் பிரிட்டனின் பொது மருத்துவர்கள் கல்லூரி நடத்திய பெரிய ஆய்வு, மாத்திரை எடுக்கும் பெண்களுக்கு முடக்குவாதம் பாதியாகக் குறைவதாகச் சொன்னது. பின்னால் வந்த பல ஆய்வுகளில் அந்தப் பலன் தெரியவில்லை. அண்மையில் சுவீடனில் நடந்த ஆய்வு ஒரு சிறிய பாதுகாப்பு இருப்பதாகச் சொல்கிறது. மெனோபாஸுக்குப் பிறகு கொடுக்கும் ஹார்மோன் மாத்திரையைப் பொறுத்தவரை விடை இன்னும் தெளிவு. அமெரிக்காவில் 27,000க்கும் மேற்பட்ட பெண்களை ஹார்மோன், வெற்று மாத்திரை என்று குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்த பெரிய சோதனையில், முடக்குவாதம் வருவதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆகவே மூட்டுக்காக மட்டும் இந்த மாத்திரைகளைக் கேட்டு வாங்க வேண்டாம். 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் இறங்கும் காலகட்டம்தான் தொல்லை தருகிறது. அதற்காக இறங்கியதை மாத்திரையில் ஏற்றிவிட்டால் போதும் என்று ஆகவில்லை.

தாய்ப்பால் விஷயமும் இப்படித்தான், இரண்டு முனையிலும் இழுக்கும். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் நோயெதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டக்கூடியது. முதல் பிரசவத்துக்குப்பின் பாலூட்டும் மாதங்களில் நோய் கிளம்புவதோடு இதைத் தொடர்புபடுத்திய பிரிட்டிஷ் ஆய்வு உண்டு. ஆனால் வாழ்நாளில் மொத்தம் எத்தனை மாதம் பாலூட்டினார்கள் என்று கூட்டிப் பார்த்தால் படம் தலைகீழாகிறது. அமெரிக்க நர்ஸ்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வின் 2004ஆம் ஆண்டு அறிக்கைப்படி, மொத்தமாக இரண்டு வருடத்துக்குமேல் பாலூட்டியவர்களுக்கு முடக்குவாத வாய்ப்பு ஏறக்குறைய பாதி. சுவீடனின் மால்மோ நகரிலும் இதே திசையில் முடிவு வந்தது. இதைப் படிக்கும் இளம் தாய் யாராவது மூட்டுக்குப் பயந்து பாலை நிறுத்த நினைத்தால், தயவுசெய்து வேண்டாம். பாலூட்டும்போது எடுக்கத்தக்க மருந்துகள் இருக்கின்றன.

ஆண்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. முடக்குவாதம் உள்ள ஆண்களின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் சராசரியாகக் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. குறைந்ததால் நோய் வந்ததா, நோய் வந்ததால் குறைந்ததா? நீடித்த அழற்சியே விந்தகத்தின் சுரப்பை அமுக்கும் என்பதால் இரண்டாவதற்கு நல்ல ஆதாரம் உண்டு. ஆனால் மால்மோ குழு, நோய் வருவதற்கு முன்பே சேமித்து வைத்திருந்த ரத்த மாதிரிகளை எடுத்துப் பார்த்தபோது, பின்னாளில் ஆர்ஏ ஃபேக்டர் நெகட்டிவ் வகை நோய் வந்த ஆண்களுக்கு முன்னரே டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருந்தது. இதிலும் ஒரு சிக்கல். நெதர்லாந்தில் ரத்த தானம் செய்தவர்களின் மாதிரிகளைத் திரும்பிப் பார்த்தபோது, பின்னால் நோய் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேரின் ரத்தத்தில், வலி தொடங்குவதற்குச் சில வருடம் முன்பே முடக்குவாத எதிர்ப்புப் புரதங்கள் இருந்தன. வலிக்கு முந்தைய நாளே நோய்க்கு முந்தைய நாள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. குறைந்த டெஸ்டோஸ்டிரோனை ஊசியில் ஏற்றினால் நோய் தணியுமா என்று 1996இல் ஒரு சிறிய சோதனை நடந்தது. தணியவில்லை.

ஏன் தணியவில்லை என்பதற்கான விடையின் ஒரு பகுதி மூட்டுக்குள்ளேயே இருக்கிறது. இத்தாலியின் ஜெனோவாவில் மௌரிஸியோ கூட்டோலோ பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்தார். வீங்கிய மூட்டிலிருந்து நீரை எடுத்துப் பார்த்தபோது, ரத்தத்தில் இருப்பதற்கும் அங்கே இருப்பதற்கும் பொருத்தமே இல்லை. ஆண் நோயாளியின் மூட்டு நீரில்கூட ஈஸ்ட்ரோஜன் வகைகள் அதிகம், ஆண் ஹார்மோன்கள் குறைவு. காரணம் அரோமடேஸ் என்ற நொதி. ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுவது அதன் வேலை. அழற்சிச் சமிக்ஞைகள் மூட்டுச் சவ்வில் இந்த நொதியை முடுக்கிவிடுகின்றன. அங்கே உருவாகும் ஈஸ்ட்ரோஜன் துணைப்பொருள்களில் சில சவ்வின் செல்களைப் பெருகத் தூண்டுபவை. மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு என்று எட்டிப் பார்த்துவிட்டு, கீழே சமையலறைக் குழாயில் என்ன வருகிறது என்று சொல்ல முடியாது இல்லையா, அப்படித்தான் இதுவும். முழங்கைச் சிரையில் எடுத்த ரத்தம் தொட்டியின் கணக்கு.

இன்னும் சில ஹார்மோன்கள் இருக்கின்றன, அவற்றைச் சட்டென்று கடந்துவிடலாம். அட்ரினலில் சுரக்கும் டிஹெச்இஏ சல்ஃபேட், குறிப்பாக இளம் வயதிலேயே நோய் வந்த பெண்களிடம், குறைவாக இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். அதை மாத்திரையாகக் கொடுத்துப் பெரிய பலன் கிடைத்ததாகத் தெரியவில்லை. நார்வேயில் அனிடா கோஸ் என்ற மருத்துவர், மெனோபாஸிலும் பிரசவத்துக்குப் பிறகும் ஏறும் மூளைச் சுரப்பி ஹார்மோன்களைச் சந்தேகித்து, அவற்றைத் தடுக்கும் ஊசியை ஐந்து நாள் கொடுத்துப் பார்த்தார். 2014இல் வந்த முடிவில் முக்கிய அளவுகோல் தேறவில்லை, ஆனால் துணை அளவுகோல்கள் சிலவற்றில் முன்னேற்றம் தெரிந்தது. யோசனை சுவாரஸ்யமானது, சிகிச்சையாக அது மாறிவிடவில்லை. வைட்டமின் டி உண்மையில் ஹார்மோன்போல வேலை செய்வது. அமெரிக்காவில் சுமார் 26,000 பேரிடம் ஐந்து ஆண்டுக்குமேல் நடந்த சோதனையில், தினமும் 2,000 யூனிட் எடுத்தவர்களுக்கு எல்லா வகைத் தன்னெதிர்ப்பு நோய்களும் சேர்த்து 22 சதவீதம் குறைந்தன என்று 2022இல் அறிவித்தார்கள். அது வராமல் தடுப்பதைப் பற்றியது. வந்த நோயை வைட்டமின் டி ஆற்றும் என்று அதற்குப் பொருள் இல்லை.

அப்படியானால் எந்த ஹார்மோன் டெஸ்டைத்தான் எடுப்பது? நோய் இருக்கிறதா, எவ்வளவு தீவிரம் என்று பார்க்க, அழற்சியின் அளவைக் காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி, கூடவே ஆர்ஏ ஃபேக்டர், ஆன்டி சிசிபி, அதற்குமேல் மருத்துவர் கையால் மூட்டுகளை அமுக்கி எண்ணுவது, இவைதான் வேண்டும். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், புரோலாக்டின் என்று ஒரு முழு பேக்கேஜ் எடுத்து வைப்பதால் முடக்குவாத சிகிச்சையில் ஒரு மாத்திரைகூட மாறப்போவதில்லை. தைராய்டு விதிவிலக்கு. முடக்குவாதம் உள்ளவர்களுக்குத் தைராய்டுத் தன்னெதிர்ப்பு நோயும் சேர்ந்து வருவது சகஜம். தைராய்டு குறைவே உடல்வலியையும் கை விறைப்பையும் தரும் என்பதால் டிஎஸ்ஹெச் பார்ப்பதில் பொருள் இருக்கிறது. முடி வளர என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் லேபில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அது தைராய்டு உட்படப் பல ஹார்மோன் டெஸ்ட் எண்களைப் புரட்டிப் போட்டுவிடும்.

கார்டிசால் டெஸ்டுக்கு ஒரே ஒரு இடத்தில் உண்மையான அவசியம் உண்டு: மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களுக்கு. வெளியிலிருந்து தினமும் ஹார்மோன் வந்துகொண்டிருந்தால் அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்து சுருங்கிவிடும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து, வாந்தி எடுத்து, சோர்ந்து விழுவார்கள், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் படிப்படியாகக் குறைக்கிறார்கள். குறைக்கும்போது அட்ரினல் விழித்துக்கொண்டதா என்று பார்க்கக் காலை எட்டு மணி கார்டிசாலை எடுக்கிறார்கள். இந்த டெஸ்டிலும் கவனம் வேண்டும். பிரெட்னிசலோனையே கார்டிசால் என்று சில கருவிகள் தவறாக எண்ணிவிடும். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்குக் கார்டிசாலைச் சுமக்கும் புரதம் அதிகமாகி, மொத்த அளவு பொய்யாக ஏறிக் காட்டும். என்னென்ன மாத்திரை எடுக்கிறோம் என்று மறைக்காமல் சொன்னால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

தாங்கள் ஸ்டீராய்டு சாப்பிடுவதே தெரியாமல் சாப்பிடுபவர்களை நினைத்தால் மனம் கலங்குகிறது. மூட்டுவலிக்கு என்று பெயர் ஒட்டாத பொடியும் உருண்டையும் வாங்குகிறார்கள். இரண்டே நாளில் வலி பறந்துவிடுகிறது, பசி எடுக்கிறது, முகம் உருண்டு பூரிக்கிறது, "உடம்பு தேறிட்டியே" என்று பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். மின்னசோட்டாவில் 1948இல் நடந்ததுதான் இதுவும், அளவும் கண்காணிப்பும் இல்லாமல். அந்தப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். இந்தியாவில் இப்படிக் கலப்படம் செய்த மருந்துகள் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. சர்க்கரை ஏறி, எலும்பு பொடிந்து, தோல் தாள்போல மெலிந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். மெனோபாஸ் ஆன பெண்ணுக்கு எலும்பு ஏற்கெனவே தேய ஆரம்பித்திருக்கும். அதன்மேல் இதுவும் சேர்ந்தால் இடுப்பெலும்பு முறியும் அபாயம். அப்படி ஒன்றை வீட்டில் யாராவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அன்றே பிடுங்கி எறிந்துவிட வேண்டாம். பொட்டலத்தோடு அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். படிப்படியாக நிறுத்த வேண்டியிருக்கும்.

ஹார்மோன் மாற்றம் எப்போது வரும் என்று தேதி குறித்துச் சொல்லக்கூடிய சந்தர்ப்பம் பிரசவம் ஒன்றுதான். அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள். முடக்குவாத மருந்துகளில் மெத்தோட்ரெக்ஸேட், லெஃப்ளூனமைடு ஆகியவை கருவுக்கு ஆபத்து. கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே மருத்துவர் சொல்லும் கால இடைவெளி விட்டு நிறுத்த வேண்டும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் போன்றவற்றைக் கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் தொடரலாம். வலி குறைந்துவிட்டது என்று ஆறாம், ஏழாம் மாதத்தில் மூட்டுநோய் மருத்துவரைப் பார்ப்பதையே விட்டுவிடுவது பலர் செய்வது. அந்த மாதங்களிலேயே, பிரசவத்துக்குப்பின் வலி கிளம்பினால் எந்த மருந்து, எவ்வளவு, பாலூட்டலாமா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தை பிறந்த நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் ஒரு அப்பாயின்ட்மென்டும் போட்டுவையுங்கள். தாய்வீட்டில் இருக்கும் நாட்களில் குழந்தையைத் தூக்கும்போது மணிக்கட்டு வலித்தால், பிரசவ உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். காலையில் எழுந்ததிலிருந்து விரல்கள் இளக எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரம் பார்த்துக் குறித்துவைத்து, அரைமணி நேரத்தைத் தாண்டினால் அந்த அப்பாயின்ட்மென்டை முன்னுக்கு நகர்த்தச் சொல்லுங்கள்.